உங்களுக்குத் தெரியாததா?

இரண்டாம் தடவை கீமோவுக்குப் போய் உட்கார்ந்த அன்று, டே கேர் சிஸ்டர் என் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "உங்களுக்குத் தெரியாததாம்மா? ஏற்கனவே 16 தடவை போட்டவங்க நீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். முதல்முறையாக வந்திருந்த பக்கத்து நாற்காலிப் பெண்ணுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கியவர், என்னிடம் அச்சடித்த தாள் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் அது ஒரு கௌரவமாகவே இருந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் இரவு, அந்தத் தாள் பிரிக்கப்படாமல் அதே கைப்பையில் இருக்க, நான் எமர்ஜென்சி வார்டில் கிடந்தேன்.

மார்பகப் புற்றுநோய் இரண்டாவது முறை வந்து, மறுபடியும் கீமோ என்று டாக்டர் சொல்லிவிட்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது பழைய கீமோ. வரப்போவது வேறு என்று யாராவது அன்றைக்கு என்னை உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

2014இல் இடது மார்பில் வந்தபோது எனக்கு வயது 41. மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், இரண்டில் பரவியிருந்தது. கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக 4 சுற்று, அப்புறம் வாரம் ஒன்றாக 12. கதிர்வீச்சு. 5 வருடம் ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை. எல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்த 2024 ஆடியில், குளிக்கும்போது வலது மார்பில் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. பயாப்ஸி முடிவு வந்த சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்க ஒரே பேச்சு: "திரும்பி வந்துருச்சாம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர்தான் இல்லை என்றார். இரண்டாவது முறை என்பதற்குள் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கின்றன என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. பழைய நோயே அறுவை செய்த இடத்திலோ, அதன் பக்கத்து நெறிக்கட்டியிலோ மறுபடி தலைகாட்டலாம். எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கலாம். அல்லது பழையதோடு சம்பந்தமே இல்லாமல், மற்ற மார்பில் புதிதாக ஒன்று முளைத்திருக்கலாம். என்னுடையது மூன்றாவது. பழைய கட்டி ஹார்மோனால் வளர்ந்த வகை. புதியதில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் இல்லை, ஹெர்-2 என்ற புரதமும் அதிகமாக இல்லை. டிரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். அதற்கு டமாக்ஸிஃபென் எதுவும் செய்யாது. கீமோதான்.

ஆகவே முதல் விஷயம்: "முன்னாடி இருந்த அதே டைப்பாத்தானே இருக்கும்" என்று யாரும் முடிவு கட்டிவிட விடாதீர்கள். பழைய நோயே திரும்பி வந்திருந்தாலும்கூட அதன் ஏற்பிகள் மாறியிருக்கலாம். மறுபடி பயாப்ஸி எடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைப் பொறுத்துத்தான் கீமோ வேண்டுமா என்பதே முடிவாகும். அறுவை செய்த இடத்தின் அருகிலேயே திரும்பி வந்த 162 பெண்களை வைத்து கேலர் என்று ஒரு ஆய்வு நடந்து, 2014இல் முடிவுகள் வெளியாயின. ஹார்மோன் ஏற்பி இல்லாத வகைக்குக் கீமோ தெளிவாகப் பலன் தந்தது. ஏற்பி உள்ள வகைக்கு அப்படிப் பலன் தெரியவில்லை. இரண்டாவது முறை என்றாலே கீமோ என்பது கட்டாயமில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது, பழைய ஃபைல். 2020 போகி அன்று விடியற்காலையில், மாத்திரையும் முடிந்துவிட்டதே என்று, மொத்த ஃபைலையும் பழைய பாய், முறத்தோடு சேர்த்து எரிக்க வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். நான் சுளகு எடுக்க உள்ளே போன நேரத்தில் என் கணவர் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவே இல்லை. நான்கரை வருடம் கழித்து, "முதல் தடவை எந்த மருந்து, எவ்வளவு அளவு, தெரியுமா?" என்று டாக்டர் கேட்டபோது, நான் "சிவப்பு மருந்து" என்றேன். கணவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார்.

அந்தச் சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். ஏட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். இத்தாலியில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டுபிடித்ததால், ஏட்ரியாட்டிக் கடலின் பெயரை வைத்தார்களாம். இதயத் தசையைப் பாதிக்கும் என்பதால் அந்த மருந்துக்கு ஆயுளுக்கும் சேர்த்து ஒரு வரம்பு உண்டு. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வைப்பார்கள். 450ஐ நெருங்கும்போதே நிறுத்திவிடுவார்கள். 2014இல் எனக்குப் போனது 240. பத்து வருடம் ஆனாலும் அந்தக் கணக்கு அழியாது. பரணில் இருந்த அந்த ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து, இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுத்துப் பார்த்த பிறகுதான், சிவப்பு மருந்தே வேண்டாம், டோசிடாக்ஸெல், சைக்ளோஃபாஸ்ஃபமைட் இரண்டையும் சேர்த்து 21 நாளுக்கு ஒருமுறையாக 4 சுற்று போதும் என்று டாக்டர் முடிவு செய்தார்.

மருந்து மாறியது ஒரு பக்கம். மருந்து போகப்போகும் உடம்பும் மாறியிருந்தது. 41இல் எனக்குச் சர்க்கரை கிடையாது; 51இல் இருந்தது. 2014இல் வாரா வாரம் போட்ட பக்ளிடாக்ஸெல்லால் கால்விரல்கள் மரத்துப்போய், அந்த மரப்பு முழுதாகப் போகவே இல்லை. செருப்பு கழன்று விழுந்தால்கூடச் சில சமயம் தெரியாது. நான் அதைப் பெரிதாக நினைக்காமல் சொல்லாமல் விட்டிருப்பேன்; மகள்தான் சொன்னாள். அந்த மரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு காரணமானது. இடது கையில் நெறிக்கட்டி எடுத்ததால் அதில் ஊசி போடக்கூடாது என்று 16 முறையும் வலது கையிலேயே போட்டிருந்தார்கள். அந்த நரம்புகள் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தன. நான்கு பேர் தேடியும் ஒரு நரம்பு கிடைக்கவில்லை. கடைசியில் கழுத்தெலும்புக்குக் கீழே போர்ட் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நரம்பைத் தேடாமல் அதன் வழியாகவே மருந்து ஏற்றும் சின்னக் கருவி அது. தோலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மேடாகத் தெரியும். வேண்டாம் என்று முதலில் அழுதேன். இப்போது சொல்கிறேன், இரண்டாவது முறை வருபவர்கள் போர்ட்டைப் பற்றி முதல் நாளே கேளுங்கள்.

இதற்கிடையில் மனது என்று ஒன்று இருக்கிறதே. முதல் தடவை "எனக்கு ஏன்?" என்று அழுதேன். இரண்டாம் தடவை "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றுதான் வந்தது. கேட்பவர்களும் அதையேதான் கேட்டார்கள். இனிப்பு சாப்பிட்டாயா? நடைப்பயிற்சியை விட்டுவிட்டாயா? அந்த முள்சீத்தா இலைக் கஷாயத்தை அப்போதே குடித்திருந்தால் வந்திருக்காதே? கஷாயத்தை ஒரு பாட்டிலில் காய்ச்சி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார் ஒரு உறவினர். டோசிடாக்ஸெல்லை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கு. அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் கல்லீரலிடம் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை. தப்பு எதுவும் நான் செய்யவில்லை என்பதற்கான விடை கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையில் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கீமோ போடும் நாள் நெருங்க நெருங்க, உடம்பு முந்திக்கொண்டது. 2014க்குப் பிறகு என்னால் ரோஸ்மில்க் குடிக்க முடிந்ததில்லை. அந்த நிறத்தைப் பார்த்தாலே குமட்டும். இந்தத் தடவை மருந்து தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும் என்று தெரிந்தும், வார்டு வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்டதுமே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மருந்தே ஏறவில்லை! வெட்கமாக இருந்தது. இது இரண்டாம் தடவை வருபவர்களிடம் அடிக்கடி பார்ப்பதுதான், மூளை பழசை ஞாபகம் வைத்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி, அடுத்த முறைகளில் முந்தின இரவே போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதித் தந்தார். நன்றாகவே கேட்டது. சொல்லியிருக்காவிட்டால் நான்கு முறையும் அப்படியே அவதிப்பட்டிருப்பேன்.

மருந்து ஏறும் நேரம் பெரிதாக ஒன்றுமில்லை. டோசிடாக்ஸெல் ஒரு மணி நேரம். முதல் கால்மணி நேரம் மட்டும் முகம் சிவக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். அது யூ என்ற மரத்தின் இலையிலிருந்து தயாராகும் மருந்து. அந்த ஒரு மணி நேரமும் மகள் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த ஜெல் பைகளை விரல்களின் மேல் கட்டி வைத்திருந்தாள். நகங்கள் உதிராமல் இருக்க இந்தக் குளிர் உதவும். விரல் விறைத்து வலிக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் போதும். முந்தின நாள், கீமோ அன்று, மறுநாள் என மூன்று நாளும் ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டும். அதை மறந்தால் ஒவ்வாமையும் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதும் அதிகமாகும். ஆனால் அந்த மூன்று நாளும் எனக்குச் சர்க்கரை 300ஐத் தாண்டியது. மூன்றாவது சுற்றுக்கு ஸ்டீராய்டு தொடங்கிய நாள் தீபாவளியாக அமைந்துவிட்டது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல், ஒரு துண்டு அதிரசம்கூட வாயில் வைக்க முடியாமல், தெருவில் வெடிச்சத்தம் அடங்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இருப்பவர்கள் இதைக் கீமோ டாக்டரிடமும் சர்க்கரை டாக்டரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இனி அந்த ஒன்பதாம் நாள். பழைய கீமோவில் எனக்கு முதல் மூன்று நாள்தான் நரகம். வாந்தி, வாந்தி, வாந்தி. அது தாண்டிவிட்டால் தப்பித்தேன் என்று பத்து வருடமாக மனதில் பதிந்திருந்தது. இந்தத் தடவை முதல் மூன்று நாள் வாந்தியே இல்லை. ஸ்டீராய்டின் தெம்பில் வீட்டைப் பெருக்கி, புளி கரைத்துப் புளியோதரைகூடக் கிளறினேன். "பரவாயில்லையே, இது லேசான மருந்து" என்று எல்லோரிடமும் போனில் சொன்னேன். நாலாம் நாள் கை கால் முறித்துப் போட்டாற்போல வலி. ஆறாம் நாள் வாயெல்லாம் புண். ஒன்பதாம் நாள் சாயங்காலம் காய்ச்சல், 100.8. முதல் தடவையும் ஒருமுறை இப்படி வந்து பாராசிட்டமாலில் இறங்கியிருந்தது. அதே மாதிரி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். நள்ளிரவில் குளிர் நடுக்கத்தில் கட்டில் ஆடியது. மகள் காரை எடுத்தாள்.

வெள்ளையணுக்களில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் 1500க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 300 இருந்தது. அந்த நிலையில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றி, 5 நாள் வைத்திருந்தார்கள். டியூட்டி டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், "ஏம்மா மாத்திரை போட்டீங்க? காய்ச்சலை மறைச்சிடுமே" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தாளைப் பிரித்துப் பார்த்தேன். முதல் வரியே அதுதான்: 100.4க்கு மேல் போனால் எந்த நேரமானாலும் உடனே வரவும், தானாக மாத்திரை போட வேண்டாம்.

இந்த இரண்டு மருந்தும் சேரும்போது வெள்ளையணு எண்ணிக்கை இப்படி இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். அதனால் கீமோ முடிந்த மறுநாள் வெள்ளையணுவை ஏற்றும் ஊசி ஒன்றை முதல் சுற்றிலேயே போடுவது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் சிகிச்சை எடுத்த இடத்தில் முதல் சுற்றுக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சரியான பதிலும் கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து போட்டார்கள். இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் இரண்டு நாள் குடைச்சல் இருந்தது, ஆனால் காய்ச்சல் வரவே இல்லை. நீங்கள் கேளுங்கள். முதல் சுற்றுக்கு முன்பே கேளுங்கள்.

இரண்டாவது சுற்றுக்குப் போனபோது அதே சிஸ்டர். "இந்தத் தடவை எப்படின்னு தெரிஞ்சிருக்கும்" என்று ஆரம்பித்தார். "தெரியாதும்மா. எனக்கு எதுவுமே தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளிப்பது, கண்ணில் ஓயாமல் நீர் வழிந்தால் அது மருந்தால்தான் என்பது, கால் வீங்கினால் எடை பார்ப்பது, வெளியில் வாங்கிய சட்னியையும் நறுக்கி வைத்த பழத்தையும் ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் தொடாமல் இருப்பது. எனக்கு ருசி என்று மிஞ்சியது நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும்தான். புண் ஆறிய மூன்றாவது வாரத்தில், மிளகு குறைத்த ரசமும் குழைந்த சாதமும் அந்த ஊறுகாயும். அந்த ஒரு வாரத்தில்தான் சாப்பிட்டேன், பேசினேன், சிரித்தேன். மூன்று வாரத்தில் ஒரு வாரம் நம்முடையது என்று கணக்கு வைத்துக்கொண்டால் நாள் நகர்ந்துவிடுகிறது.

அந்த வார்டில் பழக்கமான ஒரு அக்கா இருந்தார். அவருக்கு எலும்புக்குப் பரவியிருந்தது. கேபசிட்டபின் என்ற மாத்திரைக் கீமோ. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார். "உனக்கு நாலுன்னு எண்ணிச் சொல்லிட்டாங்க. எனக்கு எண்ணிக்கை கிடையாது. மருந்து கேக்குற வரைக்கும், உடம்பு தாங்குற வரைக்கும்" என்றார். அவருடைய பாதையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவர் அதை விடாமல் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

முடியைப் பற்றியும் கேட்பீர்கள். கொட்டும். முதல் சுற்று முடிந்து பதினைந்து இருபது நாளில் சீப்போடு கையோடு வரும். 2014இல் மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். யாராவது பார்த்து "சமயபுரமா, பழனியா?" என்று கேட்டால், சமயபுரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். திருச்சிக்காரிக்கு அந்தப் பொய் சுலபம். அப்போது 12 வயதாக இருந்த மகளிடமும் "அம்மா வேண்டுதல்" என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். பாட்டி காலத்தில் "அடையாறு போயிருக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு சரி, நோயின் பேரை வாயெடுத்துச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தடவை எதிர்வீட்டுப் பெண் அதே கேள்வியைக் கேட்டபோது, "கீமோ போடுறாங்கம்மா, மார்புல கேன்சர்" என்றேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, தனக்கும் ஒரு கட்டி இருப்பதாகவும் ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அடுத்த வாரமே மம்மோகிராம் எடுக்கக் கூட்டிப்போனேன். நல்லவேளையாக வெறும் நீர்க்கட்டி.

மகளிடம் மறைத்ததற்கு வேறு ஒரு விலை இருந்தது. 41 வயதில் ஒரு மார்பிலும் 51 வயதில் மறு மார்பிலும் வந்தவர்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். பிராக்கா-1 மரபணுவில் மாற்றம் இருந்தது. இனிப்பும் இல்லை, குடிக்காத கஷாயமும் இல்லை. பிறக்கும்போதே இருந்தது. என் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ எனக்கு வந்தது, மகளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கீமோ முடிந்ததும் என் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் இருப்பவர்களுக்கு அங்கேயும் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். மகளிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்து, அவள் படித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, உனக்குத் தெரியாம போச்சு. எனக்கு இப்பவே தெரியுது" என்றாள். இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை. எப்போது எடுப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று இருக்கிறேன். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

நகங்கள் உதிரவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு, குறுக்காக, பள்ளம் விழுந்தாற்போல வந்தது. பத்து விரலிலும் நான்கு நான்கு கோடுகள். நகம் வளர வளர அவை நுனியை நோக்கி நகர்ந்தன. பங்குனியில் முதல் கோட்டை வெட்டினேன். காய்ச்சல் வந்த சுற்று அது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலில் கடைசிக் கோடு மட்டும் மிச்சம் இருந்தது. மகள் நகவெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் இருந்தே எனக்கு ரோஸ்மில்க் குடிக்க வேண்டும்போல் இருந்தது. வெட்டி முடித்ததும் வாங்கிவரச் சொன்னேன்.